செகண்ட் கட்டின் பாடகன்

அயர்லாந்தின் ட்ரம்கில்லன் ஊரில் செகண்ட் கட் என்கிற ராக் பேண்டு பிறந்தது மாட்டுச் சந்தையின் ஏல வளையத்தில். சந்தை இல்லாத நாட்களில் அந்த இடம் சும்மாதான் கிடக்கும். வட்டமாக இரும்பு வேலி, சுற்றிலும் படிப்படியாகச் சிமெண்டு இருக்கை, மேலே தகரக் கூரை. எத்தனை முறை தண்ணீர் அடித்துக் கழுவினாலும் சாண வாடை போகாது. டிரம்ஸ் வாசிக்கிற பாட்ஜ் டைக்னன் சந்தையிலேயே வேலை பார்ப்பவன் என்பதால் சாவி அவனிடம் இருந்தது. அந்த ஒரு தகுதிக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டோம் என்று கிட்டார்காரன் மாலக்கி டான்ஸி அலுக்காமல் சொல்லுவான். மாலக்கி டப்ளினில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு கிட்டாரோடும் ஏகப்பட்ட கருத்துகளோடும் ஊர் திரும்பியவன்.

ஆனால் பேண்டை ஆரம்பித்தது இவர்கள் இரண்டு பேரும் இல்லை. ஆரம்பித்தவள் பிரீஜ் காஃப்னி. அதுவும் பாட்டு மேல் இருந்த ஆசையால் அல்ல, தம்பியை நினைத்து வந்த பயத்தால்.

அம்மா இறந்த பிறகு தம்பி லோர்கன் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டான். கோபமோ பிடிவாதமோ எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் குறைவது மாதிரி பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பால் கறப்பான், கன்றுகளுக்குத் தீவனம் வைப்பான், வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் போய் நிற்பான். கூப்பிட்டால் வந்துவிடுவான். கூப்பிடாமல் விட்டால் வருவானா என்கிற கேள்விதான் பிரீஜின் தூக்கத்தைக் கெடுத்தது. அப்பா ஜான்ஜோவிடம் சொன்னால், "வயசுப் பையன், சரியாயிடுவான்" என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். மனைவி போன துக்கத்தையே அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் வைத்துத்தான் அனுபவித்தார்.

ஒருநாள் பால் வாளியை எடுக்கப் போன பிரீஜ் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். கறவை இயந்திரம் இரைகிற இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் லோர்கன் உள்ளே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தான். கரகரப்பும் இனிப்பும் கலந்த குரல். மேலே போகப் போக உடைந்துவிடும் என்று பயப்படுகிற இடத்தில் உடையாமல் நின்றது. பிரீஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று வேளை சாப்பாட்டுக்கு மூன்று வார்த்தை பேசாத பையனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று நெஞ்சை அடைத்தது.

அவனிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "டேய், நாங்க ஒரு பேண்டு ஆரம்பிக்கிறோம். பாட ஆள் கிடைக்கல. உருப்படியா ஒருத்தன் கிடைக்கிற வரைக்கும் நீ வந்து நில்லு."

"ஆள் கிடைச்சா நான் போயிடலாமா?" என்றான் லோர்கன்.

"தாராளமா போ."

அப்போது பேண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் மாலக்கியையும் பாட்ஜையும் தேடிப் பிடித்தாள். பேஸ் கிட்டாரை யாரும் தொட முன்வராததால் அதைத் தானே எடுத்துக்கொண்டு, விரல் கொப்பளிக்கக் கற்றுக்கொண்டாள். பெயர் வைத்தது பாட்ஜ். ஜூன் மாதம் அறுக்கிற முதல் புல்லில்தான் சாரம் இருக்கும், ஆகஸ்டில் அறுக்கிற இரண்டாம் அறுப்பு ஏதோ மாட்டுக்கு வயிறு நிரம்பும் அவ்வளவுதான். அதுதான் செகண்ட் கட். "நாமளே மட்டமா பேர் வச்சுக்கிட்டா ஊர்க்காரன் புதுசா என்ன சொல்லிடுவான்?" என்றான் பாட்ஜ். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

அந்த ஊரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ட்ரம்கில்லனில் யாரையும் முகத்துக்கு நேரே பாராட்டமாட்டார்கள். பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும், தலைக்கனம் வந்தவன் கெட்டுப்போவான் என்று சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன பயம். சொந்தப் பிள்ளையை அடுத்தவர் முன்னால் புகழ்வதைப் போல அசிங்கம் வேறில்லை. அதேபோல, எதைக் கொடுத்தாலும் முதல் தடவை 'வேண்டாம்' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் 'ஐயோ வேண்டவே வேண்டாம்'. மூன்றாம் தடவை 'சரி, உங்களுக்காக'. பிரீஜின் வீட்டுக்கு வந்தால் பாட்ஜ் டீ வேண்டாம், ரொட்டி வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சத்தியம் செய்வான். பிறகு பாதி ரொட்டியை ஒற்றை ஆளாகக் காலி செய்துவிட்டுப் போவான்.

முதல் கச்சேரி மாதா கோயில் மண்டபத்தில், கால்பந்து சங்கத்துக்கு நிதி திரட்ட. லோர்கன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிரம்ஸைப் பார்த்தே எல்லாப் பாட்டையும் பாடினான். அவன் எழுதிய பாட்டு ஒன்று இருந்தது. வேலிக்கதவை யாரும் சாத்தவில்லை, கன்றுகள் எல்லாம் சாலையில் நிற்கின்றன, அவற்றைக் கூப்பிடத் தெரிந்த குரல் இப்போது வீட்டில் இல்லை என்று வரும். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை அதில் கிடையாது. ஆனாலும் மண்டபத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை.

முடிந்ததும் தபால்காரர் வந்து, "சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல" என்றார். ட்ரம்கில்லன் அகராதியில் அது பொன்னாடைக்குச் சமம். ஜான்ஜோ கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக் கிளறிக்கொண்டே, "கூரை பிச்சுக்கிட்டுப் போகலையே, அதுவே பெரிசு" என்றார். பிரீஜ் சிரித்தாள். லோர்கனும் சிரித்தான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அதன்பிறகு ஸ்லைகோவில் ஒரு மதுக்கடை மாடியில் வாசித்தார்கள். கால்வேயில் வாசித்தார்கள். அங்கே கேட்க வந்தவர்களைவிட மழைக்கு ஒதுங்கியவர்கள் அதிகம். பாட்ஜின் மாமாவுடைய, ஆடு ஏற்றுகிற வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு, கம்பளி நாற்றத்தோடு போய் இறங்குவார்கள். ஏல வளையத்திலேயே நான்கு பாட்டை கேசட்டில் பதிவு செய்து டப்ளின் ரேடியோவுக்கு அனுப்பினாள் பிரீஜ். ஒரு இரவு அந்தக் கன்றுக்குட்டிப் பாட்டை நிஜமாகவே போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை மளிகைக் கடைக்காரம்மா, "நேத்து ரேடியோல நம்ம லோர்கன் பாடுனானாமே, என் ரேடியோதான் ரிப்பேரா, இல்ல அவன் குரலே அப்படியா?" என்று கேட்டுவிட்டு, சில்லறையோடு ஒரு சாக்லேட்டையும் பிரீஜின் கையில் திணித்தாள்.

டப்ளினில் ஒரு கல்லூரி மண்டபத்தில் பெரிய பேண்டு ஒன்று மேடையேறுவதற்கு முன்னால் வாசிக்க வாய்ப்பு வந்தது. இசைப் பத்திரிகை ஒன்று நாலு வரி எழுதியது. அதைவிட பிரீஜுக்கு முக்கியமான விஷயம் வேறு. திரும்பி வருகிற வழியில் வண்டிக்குள் லோர்கன் மாலக்கியைக் கிண்டல் செய்தான். "நடுப்பாட்டுல உன் கிட்டார் மட்டும் தனியா எங்கயோ போயிட்டு வந்துச்சே, அதுக்கு வழி தெரியலையா?" என்று கேட்டான். பிரீஜ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எதிரே சாலை தெரியவில்லை. ஏரிக்கரையில் நின்ற பையன் திரும்பி வந்துவிட்டான் என்று அவள் மனசுக்குள்ளேயே கும்பிட்டாள்.

ஆனால் ஜான்ஜோவுக்கு நெஞ்சில் வேறு கணக்கு. பத்து மாட்டை வைத்துக்கொண்டு மூன்று பேர் காலம் தள்ள முடியாது. ஊரில் பாதி இளவட்டம் ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டது. லண்டனில் கிரிக்கிள்வுட்டில் அவருடைய அண்ணன் பேக்கி கட்டட வேலையில் மேஸ்திரி. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாட்டு. அதுக்கப்புறமும் இதுல ஒண்ணும் தேறலைன்னா பையன் பேக்கிகிட்ட போகட்டும்" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார்.

"அவன் அங்க தாங்க மாட்டான்பா" என்றாள் பிரீஜ்.

"எல்லாரும் தாங்கல? நான் தாங்கல?"

அவர் தாங்கிய லட்சணம்தான் தெரியுமே என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டாள். கூப்பிடக்கூட ஆளில்லாத ஊரில், யாரோ ஒருவர் வீட்டு மாடி அறையில் தம்பி மறுபடி ஊமையாகிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கிறிஸ்மஸுக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும்.

நவம்பரில் நடந்தது. லண்டன் ரெக்கார்டு கம்பெனி ஒன்றிலிருந்து ஹாட்லி என்பவர் வந்தார். ஸ்லைகோவில் அவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்து பேசலாமா என்று பிரீஜிடம் கேட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த ஜான்ஜோ கோட்டையும் டையையும் கழற்றவில்லை. கழற்றாமல் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். அப்பாவும் இறங்கி வந்துவிட்டார் என்று பிரீஜுக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் அவள் முட்டையைக் கருக்கிவிட்டாள்.

ஹாட்லி நல்ல மனிதர். மெலிந்த உடம்பு, கண்ணாடி, நனைந்த ஷூ. "டீ குடிக்கிறீங்களா?" என்று பிரீஜ் கேட்டதுமே, "குடுங்க, ரொம்ப நன்றி" என்று வாங்கிக்கொண்டார். பாட்ஜும் மாலக்கியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வளர்ப்பு அப்படி, பாவம். பன்றி இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டு முடித்ததும், "போதுங்க" என்றார். பிரீஜ் இன்னொரு கரண்டி வைத்தாள். "இல்லங்க, நிஜமாவே போதும்" என்றார். சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு சோடா ரொட்டியையும் வைத்தாள். அந்த மனிதர் அதைப் பார்த்த பார்வையை அப்போதே கவனித்திருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை.

லோர்கன் இன்னும் கொட்டகையிலிருந்து வந்து சேரவில்லை. சாப்பிட்டு முடித்து ஹாட்லி கைகளைக் கோத்துக்கொண்டார். "நேரா விஷயத்துக்கு வரேன். ஜனவரில நீங்க நாலு பேரும் லண்டன் வரணும். ஸ்டூடியோ, தங்குற இடம் எல்லாம் எங்க பொறுப்பு. சில பாட்டுகளைப் பதிவு பண்ணுவோம். சரியா வந்தா முழு ஆல்பம் போடலாம். என்ன சொல்றீங்க?"

பிரீஜுக்கு ஆம் என்று கத்திக்கொண்டு மேசை மேல் ஏறி ஆட வேண்டும் போல் இருந்தது. வாயோ, பிறந்ததிலிருந்து பழகிய வேலையைச் செய்தது. "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. நாங்க சும்மா விளையாட்டுக்குச் செய்யறோம். அவ்வளவு தூரத்துக்கு நாங்க இல்ல" என்றாள்.

"ஆமாங்க, இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்" என்றான் மாலக்கி. மேசைக்கு அடியில் அவன் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் வந்துட்டா மாட்டை யாரு வளையத்துக்குள்ள ஓட்டுறது?" என்றான் பாட்ஜ்.

ஹாட்லி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜான்ஜோ பக்கம் திரும்பினார். "காஃப்னி ஐயா, என்னைப் பொறுத்தவரைக்கும் எல்லாமே உங்க பையனோட குரல்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க? இந்த வேலைல அவர் நிலைச்சு நிப்பாரா?"

ஜான்ஜோவின் முகம் மனைவி இறந்த பிறகு அப்படி ஒளிர்ந்ததில்லை. காது மடல் வரை சிவந்துவிட்டது. லண்டனிலிருந்து ஒருவன் வந்து தன் சமையலறையில் உட்கார்ந்து தன் மகனைப் பற்றிக் கேட்கிறான். டையைச் சரிசெய்துகொண்டார். "அவனா? அவன் எதுல நிலைச்சு நின்னான்? குரலாம் குரல். கதவுக்கு எண்ணெய் போடலைன்னா வர்ற சத்தம் அது. நீங்க இவ்வளவு தூரம் வந்ததுதான் வீண்" என்றார்.

சமையலறையே சிரித்தது. பாட்ஜ் மேசையைத் தட்டினான். ஜான்ஜோ காஃப்னி தன் மகனை இதைவிட உயர்த்திப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஹாட்லியும் புன்னகை செய்தார், ஆனால் தாமதமாக. "வெளிப்படையா பேசினதுக்கு நன்றிங்க" என்று எழுந்து, எல்லோருக்கும் கை கொடுத்து, பிரீஜைப் பார்த்து, "உங்களுக்கு நல்லது நடக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"எப்படிப் போச்சு?" என்றான் பாட்ஜ்.

"இதுக்கு மேல எப்படிப் போகணும்? முதல் தடவை கேட்டாச்சு. இந்த வாரம் போன் பண்ணி மறுபடி கேப்பார்" என்றாள் பிரீஜ்.

அந்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாமே கூப்பிட்டால் என்ன என்று மாலக்கி கேட்டபோது பிரீஜ் சீறினாள். "பிச்சை கேக்கச் சொல்றியா? அந்த ஆளு என்ன நினைப்பார்?" டிசம்பர் முழுக்கப் போன் மணி அடித்தபோதெல்லாம் நான்கு மாட்டை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டது மாதிரி ஓடினாள். கால்நடை வைத்தியர், பேக்கி பெரியப்பா, தவறான எண் என்றுதான் வந்தது. லோர்கன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒத்திகைக்கு வந்தான், பாடினான், ஆனால் வண்டியில் யாரையும் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். ஏமாற்றம்தான், போன் வந்தால் சரியாகிவிடும் என்று பிரீஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கிறிஸ்மஸ் போயிற்று. ஜனவரியில் ஒரு மழை நாளில் லோர்கன் லண்டன் கப்பலைப் பிடிக்கப் பையை எடுத்துக்கொண்டு டப்ளின் பஸ்ஸுக்குக் கிளம்பினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. ஜான்ஜோகூட, "பனிக்காலம் முடிஞ்சு போயேன்" என்றார். "கிறிஸ்மஸ் வரைக்கும்னுதானே சொன்னீங்க" என்றான் லோர்கன். பஸ் நிறுத்தத்தில் ஜான்ஜோ அவன் கோட்டுக் காலரை இழுத்துவிட்டார். அவ்வளவுதான். பஸ் திரும்புகிற வரை பிரீஜ் கையசைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

பாடகன் இல்லாத செகண்ட் கட் அதோடு முடிந்தது. பாட்ஜ் டிரம்ஸைத் தீவனக் கிடங்கில் போட்டு மூடினான்.

பிப்ரவரியில் மாலக்கி ஒரு பத்திரிகையோடு வந்தான். ஹாட்லி லிமெரிக் பக்கத்துப் பேண்டு ஒன்றை ஒப்பந்தம் செய்திருக்கிறார் என்று போட்டிருந்தது. பிரீஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கேட்டே விடுவது என்று அப்பா கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து லண்டனுக்குப் போன் போட்டாள். "எங்ககிட்ட என்ன குறை கண்டீங்க? பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே" என்று பொரிந்து தள்ளினாள்.

எதிர்முனையில் ஹாட்லி திகைத்துப் போனார். "மிஸ் காஃப்னி, நீங்கதானே வேண்டாம்னீங்க? மூணு பேரும் வேண்டாம்னீங்க. உங்கப்பாவே பையன் நிலைச்சு நிக்க மாட்டான்னார். பெத்தவரே அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படிங்க வற்புறுத்துவேன்? ஏர்போர்ட் வரைக்கும் அந்தக் கன்றுக்குட்டிப் பாட்டையே முணுமுணுத்துக்கிட்டுப் போனேன்."

பிரீஜ் சுவரில் சாய்ந்துகொண்டாள்.  "அது... நாங்க அப்படித்தான் பேசுவோம்" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

லோர்கன் லண்டனுக்கு வேலைக்குப் போய்விட்டதையும் சொன்னாள். "உங்க தம்பி இப்ப லண்டன்லயா இருக்கார்? அப்ப அழைச்சுட்டு வாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் ஹாட்லி.

கப்பலில் அலையும் வாந்தியுமாக, பிறகு ரயிலில் விடிய விடிய உட்கார்ந்து பிரீஜ் லண்டன் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. குறை லோர்கனிடம் இல்லை என்று சொல்லப் போகிறோம், அவன் முகம் எப்படி மலரும்.

கிரிக்கிள்வுட்டில் பேக்கி பெரியப்பா காட்டிய சாப்பாட்டுக் கடையில் லோர்கன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் சிமெண்டு. பக்கத்து மேசைகளில் எல்லாம் அயர்லாந்துப் பையன்கள்தான், ஆனால் இவனோடு யாரும் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "அப்பாவுக்கு ஏதாவதா?" என்று கேட்டான்.

"அப்பா நல்லா இருக்கார். உக்காருடா." மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாட்லி ஆசைப்பட்டது, இவர்கள் வேண்டாம் என்றது, அந்த ஆள் அதை அப்படியே நம்பிக்கொண்டு போனது. "அப்பா சொன்னதையும் நிஜம்னு நினைச்சுட்டார்டா. அந்த ஆளுக்கு நம்ம பேச்சு என்ன தெரியும்!"

லோர்கன் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நான் கேட்டேன்" என்றான்.

"எதை?"

"பின்கட்டுல பூட்ஸ் கழுவிக்கிட்டு இருந்தேன். கதவு தெறந்துதான் இருந்துச்சு. கதவுக்கு எண்ணெய் போடலைன்னா வர்ற சத்தம்னார். எல்லாரும் சிரிச்சீங்க."

"டேய், அது பெருமைல சொன்னதுடா! அப்பா மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ!"

"மூஞ்சியப் பாக்கல. வார்த்தையத்தான் கேட்டேன்." அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பிரீஜுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "பெருமைன்னு எல்லாருக்கும் தெரியும்ங்கற. எனக்கு எப்படித் தெரியும் பிரீஜ்? ஊர் முன்னாடி சொல்ல வேண்டாம். நானும் அவரும் மட்டும் இருக்கும்போது ஒரு நாளாவது சொன்னாரா?"

பிரீஜ் யோசித்தாள். ஒரு நாள் அகப்படாதா என்று தேடினாள்.

"நீயும்தான் சொன்னதில்ல" என்றான் லோர்கன். "உருப்படியா ஒருத்தன் கிடைக்கிற வரைக்கும்னுதான் கூப்பிட்ட. ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்த உருப்படியான ஆளு வந்துடுவானோன்னு பயந்துக்கிட்டே பாடுவேன். அதான் திரும்பி நிக்கறது."

அவளுக்கு, உன் ஒருவனுக்காகத்தானே அந்தப் பேண்டே, உன்னை ஏரிக்கரையிலிருந்து கூட்டிவரத்தானே விரல் கிழிய வாசித்தேன் என்று கதற வேண்டும் போல் இருந்தது. "உன்ன மாதிரி பாடுறவன நான் கேட்டதே இல்லடா" என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக வந்த வார்த்தை திக்கித் திணறித்தான் வந்தது.

லோர்கன் சிரித்தான். பாசமான சிரிப்புதான். "ஹாட்லி வேணும்னு சொன்ன பிறகு சொல்ற. பரவால்ல, விடு." பிறகு அவள் கையைத் தொட்டு, "நான் இப்ப பாடறதில்ல பிரீஜ். இங்க யாருக்கும் நான் பாடுவேன்னே தெரியாது. நிம்மதியா இருக்கு" என்றான். ஹாட்லியின் ஆபீசுக்கு அவன் வரவில்லை. அவளை ரயிலேற்றிவிட மட்டும் வந்தான், தின்பதற்கு ஒரு பையில் ஆப்பிள் வாங்கிக் கொடுத்தான்.

வீடு திரும்பியதும் பிரீஜ் கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் செய்தித்தாளைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஜான்ஜோவின் முகம் சாம்பலாகிப்போனது. "நான் அவன தூக்கித்தானே பேசினேன்" என்றார். "வேற எப்படிப் பேசுவாங்க?"

"அவனுக்குப் போன் பண்ணுங்க. நீ நல்லா பாடுறன்னு சொல்லுங்க. இந்த ஒரு வார்த்த போதும்பா."

லோர்கன் தங்கியிருந்த வீட்டு எண்ணை அவளே சுழற்றிக் கொடுத்தாள். ஜான்ஜோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "லோர்கன்? அப்பா பேசறேன்... அங்க மழையா?... இங்கயும் அப்படித்தான். சிவப்பு மாடு கன்னு போட்டுருக்கு... ஆமா, கிடேரி." வெகுநேரம் பேசாமல் நின்றார்.  "சரிப்பா. உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கண்களில் நீர் தளும்பி நின்றது.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்னத்தச் சொன்னீங்க?"

"அவனுக்குப் புரியும்."

"புரியாதுப்பா!" பிரீஜ் கத்திவிட்டாள். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. "அவனுக்கும் புரியல, எனக்கும் எந்தக் காலத்துலயும் புரிஞ்சதில்ல. அம்மாவாவது புரிஞ்சுக்கிட்டுத்தான் போனாங்களா, யாருக்குத் தெரியும்?"

ஜான்ஜோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து அவரைத் தேடிக்கொண்டு போன பிரீஜ் கொட்டகைக்கு வெளியே நின்றாள். உள்ளே அவர் மாடுகளுக்கு நடுவே நின்று, பாடம் ஒப்பிக்கிற பள்ளிப் பிள்ளை மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நல்லா பாடுற லோர்கன். ரொம்ப நல்லா பாடுற." நடுவில் வார்த்தை நின்றுவிடும். இருமிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பிரீஜ் சத்தம் காட்டாமல் திரும்பி வந்து, சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் ஜான்ஜோ நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப போடும்மா. இப்ப சொல்லிடுவேன்" என்றார்.

பிரீஜ் எண்ணைச் சுழற்றினாள். வீட்டுக்காரம்மாதான் எடுத்தாள். புதன்கிழமையே லோர்கன் அறையைக் காலி செய்துவிட்டானாம். வடக்கே எங்கேயோ சுரங்கப்பாதை வேலைக்கு ஆள் எடுத்தார்களாம், அந்த லாரியில் ஏறிப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று தெரியாதாம். பேக்கிக்கும் சொல்லவில்லையாம். நல்ல பையன், போகும்போது அறையைப் பெருக்கிவிட்டுப் போனான் என்றாள்.

பிரீஜ் போனை மெதுவாக வைத்தாள். ஜான்ஜோ அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் தயாராக அசைந்துகொண்டிருந்தன.

"வெளிய போயிருக்கானாம்பா" என்றாள்.

"அப்படியா? சரி, பரவால்ல. அப்ப அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்றார் ஜான்ஜோ. எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, அந்த வாக்கியத்தையே முணுமுணுத்தபடி மாடுகளைப் பார்க்கப் போனார்.